ப்ராஜெக்ட் சொற்பட்டியல்கள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன

மென்பொருள் ப்ராஜெக்ட்களின் ஆவணங்களில் க்ளாசரி, அதாவது சொற்பட்டியல் என்று ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். திறந்து பார்த்தால் முப்பது நாற்பது சொற்கள். அதில் பாதி ஏபிஐ, ஜேசன், கேஷ் என்று எங்கே தேடினாலும் கிடைக்கிற பொதுச் சொற்கள், மீதியில் சில இப்போது ப்ராடக்டிலேயே இல்லாத வசதிகளின் பெயர்கள். கடைசியாக யார் தொட்டார்கள் என்று பார்த்தால், ஆரம்பித்தவர் ஆரம்பித்த வாரத்தோடு விட்டிருப்பார். இதை யாருடைய சோம்பலாகவும் நான் பார்க்கவில்லை. ஆவணம் எழுதுபவர் நேரம் கிடைக்கும்போது செய்து வைக்கிற பின்னிணைப்புதான் சொற்பட்டியல் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. உண்மையில் அதில் இருக்கும் ஒவ்வொரு பதிவும் குழு எடுத்த ஒரு முடிவு: இந்தச் சொல்லுக்கு நம் ப்ராஜெக்ட்டில் இதுதான் பொருள், இந்தப் பொருளுக்கு இதுதான் சொல். முடிவு என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், மாற்றும்போது ரிவ்யூ, அதாவது இன்னொருவரின் சரிபார்ப்பு வேண்டும், பழைய முடிவு என்னவாக இருந்தது என்ற தடம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பட்டியல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் நிற்காது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். ஆவணங்களின் தரத்துக்குப் பெயர்போன ப்ராஜெக்ட். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய முழுப் பெயர் அதற்கு 1996-இல் வந்தது. ஆனால் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் சொற்பட்டியல் ஒரு பின்னிணைப்பாகச் சேர்ந்தது 2020-இல் வெளியான 13-ஆம் பதிப்பில்தான். அதில் டேட்டாபேஸ் கிளஸ்டர் என்ற பதிவைப் படித்தால், இப்படி ஒரு பட்டியல் எதற்கு வேண்டும் என்பது தானாகப் புரியும். வெளியுலகில் கிளஸ்டர் என்றால் சேர்ந்து வேலை செய்கிற பல கணினிகள். போஸ்ட்கிரெஸில் அது இனிட்டிபி என்ற நிரல் உருவாக்கித் தருகிற டேட்டாபேஸ்களின் தொகுப்பு; ஒரே கணினியில், ஒரே ஃபோல்டருக்குள் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையும், அதாவது இன்ஸ்டன்ஸையும் சில நேரம் கிளஸ்டர் என்று சொல்வதுண்டு என்று அதே பதிவு ஒப்புக்கொள்கிறது. அப்புறம், கிளஸ்டர் என்றே எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் ஒரு கட்டளை இருக்கிறது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே மூன்று பொருள், வெளியே ஒன்று. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பல வருடங்களாகப் பலர் எழுதிய கோடில், அதாவது நிரலில், சொற்கள் இப்படித்தான் படிந்துபோகும். அந்தப் பதிவு செய்திருப்பது நேர்மையான வேலை: ஒரே ஒரு பொருள்தான் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாமல், முதன்மையான பொருளைச் சொல்லி, மற்ற வழக்குகளையும் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறது.

அதே பட்டியலில் ரிலேஷன் என்ற பதிவும் பார்க்க வேண்டியது. டேபிள், வியூ, இன்டெக்ஸ், சீக்வென்ஸ் எல்லாமே ரிலேஷன்கள் என்று சொல்லிவிட்டு, கிளாஸ் என்பது இதற்கான வழக்கொழிந்த பெயர் என்கிறது. வழக்கொழிந்த பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? ஏனென்றால் அந்தப் பெயர் பிஜி_கிளாஸ் என்ற உள் அட்டவணையில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருகிற ஒருவர் அதைப் பார்த்து, ஆப்ஜெக்ட் ஓரியன்டட் நிரலாக்கத்தில் வரும் கிளாஸோடு இதற்கு என்ன உறவு என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம். ஒரு வரி அவரைக் காப்பாற்றுகிறது.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவி இதைவிடத் தெரிந்த கதை. கமிட் செய்வதற்கு முன், அதாவது நிரந்தரமாகப் பதிவதற்கு முன், மாற்றங்களைச் சேர்த்து வைக்கிற இடத்துக்கு அதில் மூன்று பெயர் புழங்குகிறது: இன்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜிங் ஏரியா. கிட்டோடு சேர்ந்து வரும் சொற்பட்டியலில் கேஷ் என்று தேடினால், இன்டெக்ஸ் என்பதற்கான பழைய பெயர் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ஆனால் கட்டளைகளில் பழைய பெயர் போகவில்லை. மாற்றங்களைக் காட்டும் டிஃப் கட்டளையில் கேஷ்டு என்றும் கொடுக்கலாம், ஸ்டேஜ்டு என்றும் கொடுக்கலாம், இரண்டும் ஒன்று. அதை வைத்துக்கொண்டு, மாற்றங்களைப் பொருத்தும் அப்ளை கட்டளையிலும் கேஷ்டு, இன்டெக்ஸ் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தால் தவறு. அங்கே கேஷ்டு என்றால் இன்டெக்ஸை மட்டும் தொடும், இன்டெக்ஸ் என்றால் நம் ஃபைல்களையும் சேர்த்துத் தொடும். சொற்பட்டியலில் ஒத்த பொருள் என்று போட்ட இரண்டு சொற்கள் இடைமுகத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன. எழுத்தால் சரிசெய்ய முடிகிற எல்லை இவ்வளவுதான். பெயர்கள் உறைவதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்து முடிவெடுத்திருந்தால் மட்டுமே தவிர்த்திருக்கலாம்.

எந்தச் சொல் உள்ளே வர வேண்டும்

சேர்த்துக்கொண்டே போனால் பட்டியல் கெடும். என்னைக் கேட்டால் ஒரு சொல் உள்ளே வர இரண்டில் ஒரு காரணம் வேண்டும். ஒன்று, வெளியுலகில் அதற்கு இருக்கும் பொருளும் நம் ப்ராஜெக்ட்டில் இருக்கும் பொருளும் வேறு. இன்னொன்று, ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே இரண்டு பேர் அதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், அல்லது ஒரே விஷயத்தை இரண்டு சொற்களால் சொல்கிறார்கள். இந்த இரண்டிலும் வராத சொல்லுக்கு ஏற்கனவே நல்ல விளக்கம் வெளியே இருக்கும். இணைப்பு கொடுத்தால் போதும். இணையத்தில் தரவு பரிமாறும் நெறிமுறையான ஹெச்டிடிபி என்றால் என்ன என்று நாம் எழுதினால், இருப்பதைவிட மோசமாக ஒன்றைத்தான் எழுதுவோம், அதையும் பராமரிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஹெச்டிடிபியின் 401 என்ற நிலைக்குறியை உங்கள் ப்ராஜெக்ட் எப்படிக் கையாள்கிறது என்பது உள்ளே வரலாம். 401-க்கு அன்ஆத்தரைஸ்டு என்று பெயர். அதன் பொருளோ, வந்தவர் யார் என்று நிரூபிக்கவில்லை என்பது. அதாவது ஆத்தென்டிகேஷன் பிரச்சினை. யார் என்று தெரியும், ஆனால் அனுமதி இல்லை என்றால் அதற்கு 403, அது ஆத்தரைசேஷன் பிரச்சினை. பெயரே தவறான பக்கம் கைகாட்டுகிறது, இனி மாற்றவும் முடியாது. இதற்கு மேல் குழுக்கள் இரண்டையும் சேர்த்து ஆத் என்று சுருக்கிவிடுகின்றன. ஆத் சர்வீஸ், ஆத் டோக்கன், ஆத் பிழை. எந்த ஆத்? இந்தக் கேள்வி ரிவ்யூவில் ஒருமுறை வந்திருந்தால், அந்தச் சொல் பட்டியலுக்குள் வரத் தகுதி பெற்றுவிட்டது. அந்தப் பதிவு சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ஆவணங்களில் ஆத் என்று தனியாக எழுதக்கூடாது, முழுச் சொல்லை எழுத வேண்டும்.

சாதாரணச் சொற்களும் கலைச்சொற்களாக மாறும், அதைக் கவனிக்கத் தவறுவதுதான் அதிகம். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்கு மஸ்ட், ஷுட், மே போன்ற அன்றாட ஆங்கிலச் சொற்களே தகராறாக இருந்தன. ஷுட் என்றால் கட்டாயமா, பரிந்துரையா? 1997-இல் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவண வரிசையின் 2119-ஆம் ஆவணம் இந்தச் சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் வகுத்தது. அப்படியும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: சின்ன எழுத்தில் எழுதினாலும் அதே பொருளா? பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே என்று தெளிவுபடுத்த 2017-இல் ஆர்எஃப்சி 8174 வர வேண்டியிருந்தது. இவ்வளவு சின்னச் சொற்களுக்கு இருபது வருட இடைவெளியில் ஒரு திருத்தம். உங்கள் ப்ராஜெக்ட்டில் இதற்கு இணையானவை டிலீட், ரிமூவ், ஆர்க்கைவ், டிசேபிள் போன்றவையாக இருக்கும். டிலீட் செய்தால் தரவு உண்மையில் போகிறதா, அல்லது மறைகிறதா, மறைந்தது திரும்ப வருமா? பெரிய பெரிய கட்டமைப்புப் பெயர்களை எல்லாம் விளக்கிவிட்டு, பயனர் தினமும் அழுத்துகிற பட்டனின் பொருளை விட்டுவிடுவது நடக்கும்.

சொற்களைச் சேகரிக்கக் கூட்டம் போட்டு யோசிக்கச் சொன்னால் மேலோட்டமானவைதான் வரும். ரிவ்யூ கருத்துகளில் நீங்கள் எந்த ப்ராஜெக்ட்டைச் சொல்கிறீர்கள் என்பது போன்ற கேள்விகளைத் தேடுங்கள். வாடிக்கையாளர் உதவிக்கு வந்த புகார்களில், பதில் சொல்பவர் முதலில் சொற்களைச் சரிசெய்துவிட்டுத்தான் பிரச்சினைக்குள் போயிருப்பார், அந்த இடங்களைப் பாருங்கள். டேட்டாபேஸ் நெடுவரிசையின் பெயர், ஏபிஐ (மற்ற நிரல்கள் நம் நிரலை அழைக்கும் வழி) ஃபீல்டு பெயர், திரையில் தெரியும் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாறுபடும் இடமெல்லாம் கண்ணில் படும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் புரியாத சொற்களை முதல் சில வாரங்களிலேயே குறித்து வைக்கச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது. பழகிப்போன பிறகு அவருக்கும் எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

ஒரு பதிவை எழுதிப் பார்ப்போம்

மாதச் சந்தாவில் நிறுவனங்களுக்கு விற்கப்படும் ஒரு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோர் வாயிலும் ஆக்டிவ் யூசர் என்ற சொல் புழங்குகிறது. முதல் முயற்சியில் இப்படி எழுதுவார்கள்: ஆக்டிவ் யூசர் என்பவர் நம் சேவையைத் தீவிரமாகப் பயன்படுத்தும் பயனர். இதில் ஒன்றுமே இல்லை, சொல்லையே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

சரி, குழுக்களிடம் போய்க் கேட்போம். புள்ளிவிவரம் பார்ப்பவர்களுக்கு, கடந்த 30 நாட்களில் ஒருமுறையாவது உள்ளே வந்தவர். பில்லிங் குழுவுக்கு, முடக்கப்படாமல் கணக்கில் இருப்பவர். ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் அவருக்காகக் கட்டணம் உண்டு. உதவிக் குழுவுக்கு, மின்னஞ்சலை உறுதிசெய்து பதிவை முடித்தவர். ஒரு வாடிக்கையாளர் தன் டாஷ்போர்டில் 40 ஆக்டிவ் யூசர் என்று பார்க்கிறார், இன்வாய்ஸில் 65 ஆக்டிவ் யூசர் என்று வருகிறது. அவர் கோபப்படுவது நியாயம். இரண்டு எண்ணும் சரி, பெயர்தான் தப்பு.

இங்கே மூன்று பொருளில் எது சரி என்று வாக்கெடுப்பு நடத்துவது வீண். மூன்றுமே தேவையான கருத்துகள், மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும், ஆக்டிவ் யூசர் என்ற சொல்லைத் தனியாக யாரும் பயன்படுத்தக்கூடாது. புள்ளிவிவரக் குழு சொல்பவருக்கு மாதப் பயனர் என்று பெயர் வைப்போம்; பில்லிங் பக்கத்துப் பதிவு இப்படி வரலாம்:

சீட் பயனர்: ஒரு நிறுவனக் கணக்கில் சேர்க்கப்பட்டு, முடக்கப்படாத நிலையில், சந்தாவில் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளும் நபர். அவர் உள்ளே வந்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. மாதப் பயனர் என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோடில் சீட்_ஹோல்டர், ஏபிஐயில் மெம்பர், திரையில் உறுப்பினர். தவிர்க்க வேண்டியவை: ஆக்டிவ் யூசர், லைசென்ஸ்டு யூசர். பொறுப்பு: பில்லிங் குழு.

சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. முதல் வாக்கியம் அது எந்த வகை என்று சொல்லி, அப்புறம் அந்த வகைக்குள் எதை வைத்துப் பிரிக்கிறோம் என்று சொல்கிறது. கலைச்சொல் தரநிலைகளில் ஒரு பழைய சோதனை உண்டு: வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு விளக்கத்தை அங்கே வைத்தால் வாக்கியம் நிற்க வேண்டும். சீட் பயனர் ஒவ்வொருவருக்கும் கட்டணம் உண்டு என்ற வாக்கியத்தில் மேலே உள்ள விளக்கத்தை வைத்துப் பாருங்கள், நிற்கும். தீவிரமாகப் பயன்படுத்தும் பயனர் என்பதை வைத்தால் அடுத்த நிமிடமே தீவிரம் என்றால் எவ்வளவு என்று கேள்வி வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற வரிதான் படிப்பவருக்கு அதிகம் உதவுவது, ஏனென்றால் யாரும் சும்மா சொற்பட்டியலைப் படிப்பதில்லை, இரண்டு சொற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். கோடில் என்ன, திரையில் என்ன என்ற வரி, புகாரைப் படித்துவிட்டுக் கோடைத் தேடப் போகிறவருக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நபர் என்று எழுதிவிட்டோம். அப்படியானால் தானாக ஓடும் பாட் கணக்குகள்? அவை சீட் எடுக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பில்லிங் குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் கோடு ஒருவேளை பாட்டையும் எண்ணிக்கொண்டிருக்கும், விலைப் பக்கம் ஒவ்வொரு ஊழியருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். சொற்பட்டியல் எழுதுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு விளக்கம் எழுத வரவில்லை என்றால், பெரும்பாலும் எழுதுபவரின் மொழித்திறனில் குறையில்லை, வடிவமைப்பில் யாரும் முடிவெடுக்காத ஒரு இடம் இருக்கிறது. அதை வாக்கியத்தை வளைத்து மூடி மறைக்கக்கூடாது. போய் முடிவு வாங்கிவர வேண்டும்.

விளக்கத்துக்குள் எதைப் போடக்கூடாது என்பதும் முக்கியம். ஒரு கணக்கில் அதிகபட்சம் 500 சீட் என்பது இன்றைய வரம்பு, நாளைக்கு மாறும். அதைப் பதிவுக்குள் வைத்தால் மாறுகிற அன்றே பதிவு பொய்யாகிவிடும். அது அமைப்புப் பக்கத்தில் இருக்கட்டும், இங்கிருந்து இணைப்பு போதும். ஆனால் மாதப் பயனர் பதிவில் 30 நாட்கள் என்பது இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணை எடுத்துவிட்டால் சொல்லுக்குப் பொருளே இல்லை. எண் இருப்பது தவறில்லை, அந்த எண் மாறினால் கருத்தே மாறுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது

கோடு ஒரு ரெப்போவில் (ப்ராஜெக்ட்டின் ஃபைல்களும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்), சொற்பட்டியல் வேறெங்கோ ஒரு விக்கியில் என்றால் இரண்டும் பிரிந்து போவதைத் தடுக்கவே முடியாது. ஆவணங்கள் இருக்கும் ரெப்போவிலேயே, முடிந்தால் கோடும் இருக்கும் ரெப்போவிலேயே, சாதாரண உரை ஃபைலாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு பெயரை மாற்றுகிற புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) பதிவையும் மாற்ற முடியும், ரிவ்யூ செய்பவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியும்.

ஒரே ஃபைலா, சொல்லுக்கு ஒரு ஃபைலா என்பதில் இரண்டு வழிக்கும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. கிட், பைதான் நிரல்மொழி இரண்டும் ஒரே நீளமான ஃபைலில் வைத்திருக்கின்றன. படிக்க வசதி, தேட வசதி. பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் ஆவணங்களில் ஒவ்வொரு சொல்லும் தனி ஃபைல். அதில் தலைப்பு தனியாக, அடையாளப் பெயர் தனியாக, சுருக்க விளக்கம், வேறு பெயர்கள், எந்தப் பிரிவு என்ற டேக், அதற்குக் கீழே விரிவான விளக்கம். மற்ற பக்கங்களை எழுதுபவர்கள் சொல் வரும் இடத்தில் ஒரு சின்ன குறியை வைத்தால் போதும்; படிப்பவர் மவுஸைக் கொண்டுபோனதும் விளக்கம் அங்கேயே தெரியும், க்ளாசரி பக்கத்துக்குப் போகத் தேவையில்லை. அடையாளப் பெயரைத் தலைப்பிலிருந்து பிரித்து வைத்தது நல்ல யோசனை. நாளைக்குத் தலைப்பு மாறினாலும் நூறு பக்கங்களில் இருக்கும் இணைப்புகள் உடையாது. மொழிபெயர்ப்பும் சொல் சொல்லாக நகரும், எது பழையதாகிவிட்டது என்றும் தெரியும். சின்னப் ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஃபைல் போதும். பல குழுக்கள், பல மொழிகள் வந்ததும் தனி ஃபைல்தான் தாங்கும்.

பயன்படுத்தினால்தான் சொற்பட்டியல் உயிரோடு இருக்கும் என்பதைக் கருவிகளைக் கொண்டு கொஞ்சம் கட்டாயப்படுத்தலாம். பைதான் ஆவணங்களுக்காக உருவாகி இப்போது பலரும் ஆவணப் பக்கங்களை உருவாக்கப் பயன்படுத்தும் ஸ்பிங்க்ஸ் கருவியில் சொற்பட்டியலுக்கென்றே ஒரு அமைப்பு உண்டு. உரையில் ஒரு சொல்லை டெர்ம் என்று குறித்து, அந்தச் சொல் பட்டியலில் இல்லாமல் போனால் பில்டில், அதாவது பக்கங்களை உருவாக்கும்போது, எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றச் சொல்லிவிட்டால் பில்டே நின்றுவிடும். யாரோ ஒரு பதிவை அழித்துவிட்டார்கள், பத்துப் பக்கங்கள் அநாதையாகின என்ற நிலை இதனால் வராது. வேல் என்ற உரைநடை லின்டர் (விதிகளை வைத்து எழுத்தைத் தானாகச் சரிபார்க்கும் கருவி), தவிர்க்க வேண்டிய சொல்லைப் பார்த்ததும் இதற்குப் பதில் இது என்று ரிவ்யூவிலேயே காட்டும். மேலே பார்த்த தவிர்க்க வேண்டியவை என்ற வரியை அப்படியே அதன் விதியாக மாற்றிவிடலாம்.

ஆனால் லின்டருக்கு எழுத்துதான் தெரியும், பொருள் தெரியாது. போஸ்ட்கிரெஸின் மூன்று கிளஸ்டர்களை அதனால் பிரிக்க முடியாது. தடைசெய்த சொல்லைப் பிடிக்கும், சரியான சொல்லைத் தவறான இடத்தில் போட்டால் விட்டுவிடும். அதோடு விதிகள் அதிகமாகி, நல்ல வாக்கியத்துக்கும் சிவப்புக் கோடு விழ ஆரம்பித்தால் ஆட்கள் மொத்தமாக அணைத்து வைத்துவிடுவார்கள். உண்மையிலேயே யாரையாவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் சொற்களுக்கு மட்டும் பிழை, மற்றதெல்லாம் வெறும் ஆலோசனை என்று வைப்பது நல்லது. இணைப்புகளும் அப்படித்தான்: ஒரு பக்கத்தில் ஒரு சொல் முதல்முறை வரும்போது இணைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் கோடு போட்டால் பக்கம் படிக்கிற மாதிரி இருக்காது.

பொறுப்பு என்ற வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பதிவுக்கு அந்தக் கருத்தை உருவாக்கிப் பராமரிக்கும் குழு பொறுப்பு. ஆவணம் எழுதுபவர் வடிவத்துக்கும் தெளிவுக்கும் பொறுப்பு. கிட்ஹப்பில் கோடுஓனர்ஸ் என்ற ஃபைலில் எழுதி வைத்தால், அந்தப் பதிவு இருக்கும் ஃபைல் மாறும்போது உரிய குழுவுக்கு ரிவ்யூ தானாகப் போகும். மொத்தப் பட்டியலுக்கும் எல்லோரும் பொறுப்பு என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். தவறான பதிவு இல்லாத பதிவைவிட மோசம், ஏனென்றால் இல்லாவிட்டால் யாரையாவது கேட்பார்கள், இருந்தால் நம்பிவிடுவார்கள்.

பெயர் மாறும்போது

பெயர் மாறியதும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை வைப்பது பலரும் செய்வது. ஆனால் பழைய பெயர் லாக்குகளில் இருக்கும், யாரோ எழுதி வைத்த ஸ்கிரிப்டில் இருக்கும், பழைய பதிப்பின் ஆவணத்தில் இருக்கும், தேடுகிறவர் அதைத்தான் தட்டுவார். ரெடிஸ் டேட்டாபேஸ் 2018-இல் 5-ஆம் பதிப்பில், இன்னொரு சர்வரின் நகலாக இயங்கச் சொல்லும் ரெப்ளிகாஆஃப் என்ற கட்டளையைக் கொண்டுவந்தது, பழைய ஸ்லேவ்ஆஃப் பெயரும் தொடர்ந்து வேலை செய்தது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 2020-இல் 8.0.22-இல் ஸ்டார்ட் ரெப்ளிகா என்ற புதிய வடிவத்தைச் சேர்த்து, பழையதைக் கைவிடப்படவிருப்பது என்று அறிவித்து, 8.4-இல்தான் எடுத்தது. குபர்னெட்டிஸில் மாஸ்டர் என்ற நோடு லேபிள் கன்ட்ரோல் பிளேன் என்று மாறியதும் இப்படித்தான். அதை நிறுவ உதவும் கியூப்ஏடிஎம் கருவி 1.20 பதிப்பில் அறிவித்து, 1.24-இல் பழைய லேபிளை நிறுத்தியது. இப்படிப்பட்ட இடைக்காலம் வருடக்கணக்கில் நீளும். அந்தக் காலம் முழுக்க இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று சொல்லும் ஒரு இடம் தேவை, அது சொற்பட்டியல்தான். பழைய பெயர் தன் பதிவோடு இருக்கட்டும், எந்தப் பதிப்பில் மாறியது, இப்போது என்ன பெயர் என்ற இரண்டு தகவல்களோடு.

இதை மிகக் கறாராகச் செய்த பழைய உதாரணம் 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4949, இணையப் பாதுகாப்புக்கான சொற்பட்டியல். 300 பக்கங்களுக்கு மேல். ஒவ்வொரு பதிவின் முன்னும் ஒரு எழுத்து இருக்கும்: பரிந்துரைக்கப்படுவதா, வேறு மூலத்திலிருந்து வந்ததா, அல்லது இணைய ஆவணங்களில் பயன்படுத்தவே கூடாததா என்று. பயன்படுத்தக்கூடாத சொல்லையும் விளக்கி, ஏன் கூடாது என்றும் சொல்கிறது. நம் பட்டியலிலும் ஒரு நிலைக் குறி இருந்தால் போதும்: நடப்பில் உள்ளது, பழையது, தவிர்க்க வேண்டியது.

எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பொருளைத் திணிக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம் என்றே நினைக்கிறேன். விற்பனைக் குழுவின் ஆர்டர் வேறு, கிடங்குக் குழுவின் ஆர்டர் வேறு, இரண்டும் அவரவர் எல்லைக்குள் தெளிவாக இருந்தால் ஒரு கேடும் இல்லை. டொமைன் டிரிவன் டிசைன் என்ற மென்பொருள் வடிவமைப்பு முறையைப் பேசுபவர்கள் பவுண்டட் கான்டெக்ஸ்ட் என்று சொல்வது இந்த எல்லையைத்தான். ஒரே பொருளாக்கப் போனால் இரண்டு குழுவுக்கும் பயன்படாத ஒரு மழுங்கிய விளக்கம்தான் கிடைக்கும். எல்லையைத் தாண்டும் இடங்களில், அதாவது ஒரு குழுவின் ஏபிஐயை இன்னொரு குழு அழைக்கும்போதும் வாடிக்கையாளர் இரண்டையும் ஒரே திரையில் பார்க்கும்போதும், அடைமொழி சேர்த்து விற்பனை ஆர்டர், கிடங்கு ஆர்டர் என்று எழுத வேண்டும். பைதான் சொற்பட்டியலில் ஜெனரேட்டர் பதிவு இதைத்தான் செய்கிறது. அந்தச் சொல் பொதுவாக ஜெனரேட்டர் ஃபங்க்ஷனைக் குறிக்கும், சில இடங்களில் அது தரும் இட்டரேட்டரைக் குறிக்கும், எது என்று தெளிவில்லாத இடத்தில் முழுப் பெயரையும் எழுதுங்கள் என்கிறது. மக்கள் பேசுவதை மாற்ற முயலவில்லை, எப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

மொழிபெயர்ப்பு வரும்போது இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும். மூல மொழியில் ஒரே சொல்லை இரண்டு பொருளில் போட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் வருடங்கள் ஓட்டலாம். மொழிபெயர்ப்பாளர் தன் மொழியில் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அதனால் அவர்தான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விகளைத் தொந்தரவாக நினைக்காமல் பதிவுகளாக மாற்றுங்கள். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகளில் சொற்பட்டியலுக்கென்று தனி இடமும், மொழிபெயர்க்கவே கூடாத சொல், பயன்படுத்தக்கூடாத மொழிபெயர்ப்பு என்ற குறிகளும் உண்டு. ஆனால் அங்கே ஒரு பட்டியல், ஆவணத்தில் ஒரு பட்டியல் என்று இரண்டு தனித்தனியாக வளர விடாதீர்கள். ஒன்று மூலமாக இருந்து மற்றது அதிலிருந்து உருவாக வேண்டும்.

பராமரிப்புக்கென்று பெரிய சடங்கு எதுவும் தேவையில்லை. புல் ரிக்வெஸ்ட் படிவத்தில் ஒரு கேள்வி: இந்த மாற்றம் ஏதாவது சொல்லின் பொருளையோ பெயரையோ மாற்றுகிறதா? பெரிய பதிப்புக்கு முன் ஒருமுறை பட்டியல் முழுவதையும் ஒருவர் படித்து, கோடில் இல்லாத பெயர்களையும் எந்தப் பக்கமும் இணைக்காத பதிவுகளையும் எடுத்துக் காட்டினால் போதும். யாரும் இணைக்காத பதிவு ஒன்று தேவையில்லாததாக இருக்கும், அல்லது எல்லோரும் அந்தக் கருத்துக்கு வேறு சொல்லைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதாக இருந்தால் பட்டியல்தான் வழிக்கு வர வேண்டும்.

முடிவு கிடைக்காத சொற்கள் சில எப்போதும் இருக்கும். இரண்டு குழுக்களும் விட்டுக்கொடுக்கவில்லை, அல்லது வடிவமைப்பே மாறிக்கொண்டிருக்கிறது. அவற்றைப் பட்டியலுக்கு வெளியே வைக்க வேண்டாம். பதிவைத் திறந்து, இன்னும் முடிவாகவில்லை என்று எழுதி, இப்போது புழங்கும் இரண்டு பொருளையும் யார் எதைச் சொல்கிறார்கள் என்பதோடு போட்டு, விவாதம் நடக்கும் இஷ்யூவுக்கு இணைப்புக் கொடுங்கள். பாட் கணக்கு சீட் எடுக்குமா என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை, சீட் பயனர் பதிவின் அடியிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.